சாப்பாடு ஒளிக்கும் ஆள்

குண்டுராசா மறுபடியும் சின்னப் பிள்ளையாகிக்கொண்டிருந்தது.

முதல் வகுப்பின் கண்ணாடித் தொட்டியில், கறுப்புத் துணிக்கு அடியில், குளிர்ந்த தண்ணீரில் அந்தத் தவளை உடம்பைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. முன்கால்கள் போன வாரமே உள்ளே போய்விட்டன. பின்கால்கள் இரண்டும் ஈர்க்குச்சி மாதிரி மெலிந்து, பின்னால் ஒரு வால் எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்ச நாளில் அது தலைப்பிரட்டை. அப்புறம் நடுவில் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு ஜவ்வு உருண்டை, அதாவது முட்டை. பிறகு தண்ணீரைச் சூடாக்கி, வெளிச்சம் காட்டி, இரையைத் தூவினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். சாவு என்பது அதன் சிலபஸிலேயே கிடையாது.

பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரே தவளை இதுதான். "முட்டை, தலைப்பிரட்டை, தவளை, மறுபடி முட்டை" என்று கையை வட்டமாகச் சுற்றிச் சுற்றி ராகம் போட்டுச் சொல்வார்கள். அந்த ராகம் சொர்ணலதா டீச்சர் போட்டது.

சொர்ணலதா டீச்சரைச் சும்மா சொல்லக் கூடாது. மேலக்கரைப் பள்ளிக்கூடத்தில் அவளிடம் அழுதுகொண்டு வந்து சேர்ந்த பிள்ளை எதுவும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனதில்லை. குண்டுராசா மாதிரித் திரும்பித் திரும்பி வரும் வட்டத்தவளைகளை உண்டாக்கிய கம்பெனிக்காரர்கள், அவற்றை வளர்க்கும் விதத்தையும் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். தவளைக்கு வயதாகித் தளர்ந்ததும் ஆசிரியர் இரையை நிறுத்த வேண்டும், குளிர்ந்த தண்ணீருக்கு மாற்ற வேண்டும், துணி போட்டு மூட வேண்டும். அவ்வளவுதான். இப்படி மொட்டையாகச் செய்தால் பிள்ளைகளுக்கு என்ன புரியப் போகிறது? அவள் அதை ஒரு விளையாட்டாக மாற்றினாள். ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளைக்குக் காகிதக் கிரீடம் வைத்து, 'சாப்பாடு ஒளிக்கும் ஆள்' என்று பட்டம் கட்டுவாள். அந்தப் பிள்ளை இரை டப்பாவை வகுப்பில் எங்காவது ஒளித்து வைக்க வேண்டும். தவளை பசியில் கத்தும். மற்றப் பிள்ளைகள், "பாவம் டீச்சர், ஒரே ஒரு தடவ போடுவோம் டீச்சர்" என்று கெஞ்சும். அப்போது கிரீடக்காரர் எழுந்து நின்று, விரலை ஆட்டிச் சொல்ல வேண்டும்:

"பாவம் பாத்தா கிழடு! பசிச்சாத்தான் புதுசு!"

வகுப்பே கைதட்டும். இந்த விளையாட்டைப் படம் பிடித்து மாவட்டம் முழுக்கக் காட்டினார்கள். அவளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் இப்போது கிரீடம் வைக்கிறார்களாம். அதைக் கேட்டபோது சொர்ணலதாவுக்கு உச்சி குளிர்ந்துதான் போனது. ஏன் குளிராது?

போன முறை கிரீடம் வைத்தது தாமிரா. முத்துக்குட்டியின் மகள். ஐந்து வயது, சிரித்தால் வாய் காது வரைக்கும் நீளும். அந்த முத்துக்குட்டி நோயில் செத்துப்போயிருந்தான். பதினாறாம் நாள் காரியம் கழிந்து, அன்றைக்குத்தான் பிள்ளை பள்ளிக்கூடம் வந்திருந்தாள்.

எப்படி இருக்கப்போகிறாளோ என்று சொர்ணலதா காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் தாமிரா சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்கினாள். தொட்டியின் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வால் வந்துட்டு!" என்று கத்தினாள். சின்னப் பிள்ளைதானே, விவரம் தெரியவில்லை, தெரியாத வரைக்கும் நல்லது என்று சொர்ணலதா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தாமிரா வந்து மேசையோரம் ஒட்டிக்கொண்டாள்.

"டீச்சர், ஒங்கள்ட்ட ஒண்ணு சொல்லட்டா? யார்ட்டயும் சொல்லப்பிடாது."

"சொல்லு ராசாத்தி."

"எங்க அப்பாக்கு நாந்தான் சாப்பாடு ஒளிக்கிற ஆள்."

சொர்ணலதாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன சாப்பாடுட்டி?"

"மாத்திரை. அம்மா காலையில கிண்ணத்துல எடுத்து வச்சிட்டு வேலைக்குப் போயிரும்லா? நாந்தான் அப்பாக்குத் தண்ணியோட குடுப்பேன். அந்த மாத்திரைய எடுத்துக் கோலப்பொடி டப்பாக்குள்ள போட்டுட்டு, கிண்ணத்துல சீரக முட்டாய் வச்சிட்டேன்."

"ஒரு நாளா?"

"எல்லா நாளும்." பெருமை தாங்கவில்லை அந்தக் குரலுக்கு. "அப்பாக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே. ஒருநா, 'என்னட்டி, இன்னைக்கு மாத்திரை இனிக்கி'ன்னு கேட்டாவ. நான் குடுத்தா இனிக்கும்லான்னு சொன்னேன். சிரிச்சாவ."

சொர்ணலதாவின் கையில் பிசைந்து எடுத்த சோறு அப்படியே இருந்தது.

"ஏம்மா அப்படிச் செஞ்ச?"

"அப்பா கிழடாயிட்டாவ டீச்சர். நடந்தா மூச்சு வாங்குது. வெளையாடக் கூப்பிட்டா வர மாட்டுக்காவ. புதுசாயிட்டா வருவாவல்லா?" பிறகு அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஆனா அப்பாவ எரிச்சுட்டாவ டீச்சர். தண்ணியிலதான போடணும்? மாமாட்ட எவ்வளவோ சொன்னேன். கேக்கவே இல்ல. அப்புறமாத்தான் சாம்பல ஆத்துல கரைச்சாவ. அதுக்குப் பெறவுதான் எனக்கு நிம்மதி."

சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். சொர்ணலதா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து, "என்னக்கா, தண்ணி வீணாப் போவுது" என்று சொன்ன பிறகுதான் குழாயை மூடினாள்.

முத்துக்குட்டியை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரே தெரு. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். சர்க்கரை வியாதி வந்து கண்ணைக் கெடுத்து, கடைசியில் இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. பெண்டாட்டி கோமதி தன்னுடைய ஒரு கிட்னியைக் கொடுத்தாள். கொடுத்தால் மட்டும் போதுமா? அடுத்தவர் உறுப்பை உடம்பு லேசில் ஏற்றுக்கொள்ளாது. நீ யார், வெளியே போ என்று சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சண்டையை அடக்கி வைப்பது அந்த மாத்திரைகள். நிறுத்தினால் தீர்ந்தது.

கோமதி ஊருக்கு வெளியே சூரிய மின்பண்ணையில் கண்ணாடிப் பலகைகளைத் துடைக்கும் வேலைக்குப் போகிறவள். விடிவதற்குள் கிளம்பினால் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் சாயங்காலம் தாமிராவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விடுவது சொர்ணலதாதான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் முத்துக்குட்டி உட்கார்ந்திருப்பான். அவன் முகம் ஊதிக்கொண்டு வந்ததை அவள் பார்த்தாள். "என்ன முத்துக்குட்டி, மூஞ்சி வீங்குன மாதிரி இருக்கே?" என்று கேட்கவும் செய்தாள். "உப்பு கூடிப்போச்சு டீச்சர்" என்று அவன் சிரித்தான். சரி என்று வந்துவிட்டாள். எப்படி அப்படி வர முடிந்தது? ஒரு வார்த்தை கோமதியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரம்தான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிரீட விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள். அந்தப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

பாவம் பார்க்காதே என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? கம்பெனிக்காரனா? அவன் இரையை நிறுத்தச் சொன்னான், அவ்வளவுதான். கெஞ்சினாலும் மனம் இளகாதே என்று தலையில் கிரீடம் வைத்துக் கைதட்டிப் பழக்கியது யார்?

மறுநாள் தொட்டியைச் சோதிக்க ரெக்ஸ் வந்தான். வட்டத்தவளைக் கம்பெனியின் இந்தப் பகுதி ஆள். நல்ல பையன், பிள்ளைகளுக்கு எப்போதும் பையில் ஏதாவது கொண்டு வருவான்.

"ரெக்ஸ் தம்பி, இந்தத் தவளைய எடுத்துட்டுப் போயிருங்க."

"ஏன் டீச்சர், நோய் கீய் வந்திருக்கா?"

"எனக்குப் பிடிக்கல."

ரெக்ஸ் சிரித்தான். "ஒங்களுக்கே பிடிக்கலன்னா யாருக்குப் பிடிக்கும்? ஒங்க வீடியோவக் காட்டித்தான் டீச்சர் நாங்க மத்த பள்ளிக்கூடத்துலயே பேசுதோம்."

"அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "காய்ச்சல் வருஷம் ஞாபகம் இருக்கா டீச்சர்? வீட்டுக்கு வீடு சாவு. பிள்ளைங்க தூக்கத்துல எந்திரிச்சு அலறுச்சு. அதுக்கப்புறம்தான ஏழு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு வகுப்புல சாவக் காட்டவே கூடாதுன்னு விதி போட்டாங்க? செத்த பட்டுப்பூச்சியக் காட்டுனதுக்கு ஒரு டீச்சர் வேலையே போச்சு. அந்த விதிக்குத் தோதாத்தான் இதச் செஞ்சோம். நல்லதுக்குத்தான?"

"அதுக்கு முந்தி நாங்க என்ன செய்வோம் தெரியுமா? வகுப்புல மீன் செத்துப்போச்சுன்னா, காலையில சீக்கிரமா வந்து அதே மாதிரி ஒரு மீன வாங்கிப் போட்டுருவோம். பிள்ளைங்களுக்குத் தெரியாது. அது ஒரு சின்னப் பொய்."

"இதுல பொய்யே இல்லையே டீச்சர்? தவளை நெசமாவே திரும்புதுல்லா?"

"அதுதான் தம்பி பயமா இருக்கு. பொய்யா இருந்தா என்னைக்காவது ஒருநாள் சாயம் வெளுத்திருக்கும்."

சொர்ணலதா தொட்டியைப் பார்த்தபடி, "ஒரு பேச்சுக்குக் கேக்குதேன். ஒரு பிள்ளை வீட்டுல போயி, ஒடம்பு சரியில்லாத ஆளுக்கு இதே மாதிரி செஞ்சு பாத்துட்டா?" என்றாள்.

அவன் முகம் வெளிறிவிட்டது. "யாரு டீச்சர்?"

"யாருமில்ல. பேச்சுக்குத்தான்னு சொன்னேன்லா."

"அப்படி ஒண்ணு நடந்திருந்து நீங்க புகார் குடுத்தா, எல்லா ஊருலயும் தவளைய நிறுத்திருவாங்க. சந்தேகமே இல்ல. ஆனா விசாரணை வரும். அந்தப் பிள்ளையக் கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. நீ என்ன செஞ்சன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பாங்க." அவன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான். "இந்த ரெண்டு கேள்வியையும் அடுத்தடுத்துக் கேட்டா, எவ்வளவு சின்னப் பிள்ளையா இருந்தாலும் புரிஞ்சிரும் டீச்சர்."

போகும்போது பிள்ளைகளுக்கு என்று கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். சொர்ணலதாவுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கக்கூட அன்றைக்குக் கை எழவில்லை. தவளையை நிறுத்த வேண்டுமானால் தாமிராவை விசாரணையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு கிண்ணம். நல்ல பாடம்தான் நடத்தியிருக்கிறோம் என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மணி அடித்ததும் தாமிராவைக் காணவில்லை.

கழிப்பறையில் இல்லை, மைதானத்தில் இல்லை. வாயிலில் நின்ற காவலாளி, "அந்தப் பிள்ளையா? ஆத்துப் பக்கம்லா போச்சு, ஒங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொல்லிச்சே" என்றார். சொர்ணலதா ஓடினாள். மூட்டு வலிக்காரி, மாடிப்படி ஏறவே முனகுகிறவள், அந்த மேட்டுத் தெருவில் செருப்பு எங்கே கழன்றது என்றுகூடத் தெரியாமல் ஓடினாள்.

படித்துறையில் யாரும் இல்லை. கடைசிப் படியையும் தாண்டி, இடுப்பளவுத் தண்ணீரில் தாமிரா நின்றுகொண்டிருந்தாள். சீருடைப் பாவாடை குடை மாதிரி விரிந்து மிதந்தது. ஒரு கையில் தண்ணீர் பாட்டில். மறு கையால் தண்ணீரை அள்ளி அள்ளிப் பாட்டிலுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

சொர்ணலதா சேலையோடு இறங்கி அவளை அள்ளித் தூக்கினாள். கரைக்கு வந்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையையும் தொட்டு அடிக்காதவள். அடித்த கையாலேயே அந்தப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"மூதேவி! உசிரே போயிருக்குமேட்டி!"

தாமிரா அடியைப் பற்றிக் கவலைப்படவில்லை. பாட்டில் பத்திரமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். கலங்கிய தண்ணீருக்குள் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு நெளிந்தன.

"இதுல எது அப்பான்னு தெரியல டீச்சர். அதான் எல்லாத்தையும் புடிச்சேன். வளந்ததும் அப்பா மட்டும் என்னையப் பாத்துச் சிரிப்பாவல்லா, அப்பக் கண்டுபுடிச்சிரலாம்." பிறகு ஆற்றின் நடுவே கையைக் காட்டினாள். "அங்கன ஆழத்துல இன்னும் நெறைய இருக்கும். நாளைக்கு அங்க போவணும்."

அவள் சொன்னால் செய்கிறவள். அது சொர்ணலதாவுக்குத் தெரிந்தது போல வேறு யாருக்கும் தெரியாது.

கோமதி வீட்டுக்கு வரும் வரைக்கும் சொர்ணலதா அங்கேயே இருந்தாள். தாமிராவுக்குத் தலை துவட்டி, உடை மாற்றி, இட்லி ஊட்டித் தூங்க வைத்தாள். பாட்டில் தண்ணீரைப் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிப் பின்கட்டில் வைத்திருந்தாள்.

கோமதி வந்து முகம் கழுவி முடித்ததும், அடுக்களையில் வைத்துச் சொர்ணலதா எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மாத்திரையில் ஆரம்பித்தாள். கோமதி சுவரோடு சாய்ந்து நின்று கேட்டாள். அழவில்லை.

"எனக்குத் தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"அவுகள ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போன அன்னைக்கே, ரொம்ப நாள் கழிச்சுக் கோலம் போட டப்பாவ எடுத்தேன். பொடிக்குள்ள அம்புட்டு மாத்திரையும் கெடந்துச்சு." குரல் ஒரே சீராக இருந்தது. "டாக்டரு கேட்டாரு, மாத்திரை ஒழுங்காக் குடுத்தீங்களான்னு. நாந்தான் மாத்தி மாத்தி வச்சிட்டேன்னு சொல்லிட்டேன். எங்க மாமியாருட்டயும் அதையே சொன்னேன். மாத்திரை எடுத்து வைக்கத் தெரியாம புருஷனக் கொன்னவன்னு காரிய வீட்டுல வச்சே சொல்லியாச்சு. கிட்னியும் குடுத்துட்டேன், கெட்ட பேரும் வாங்கிட்டேன். பரவாயில்ல. பிள்ள காதுல விழலல்லா, அது போதும்."

சொர்ணலதா அலமாரியில் இருந்த கோலப்பொடி டப்பாவைப் பார்த்தாள்.

"பிள்ள ஏதோ முட்டாய் வச்சு வெளையாடுச்சுன்னு நெனச்சேன்," என்றாள் கோமதி. "இப்பத்தான் தெரியுது, பாடம்னு."

"கோமதி..."

"அவுகளுக்கு மூச்சு முட்டுனப்ப அவ பக்கத்துலயே நின்னா டீச்சர். கைய ஆட்டி ஆட்டி ஏதோ பாட்டுப் பாடுனா. நாங்கூட, அப்பாவத் தேத்துதான்னு நெனச்சு அழுதேன். என்ன சொல்லிக் குடுத்திருக்கீங்க எம் பிள்ளைக்கு?"

அவள் கத்தியிருந்தால் தேவலை. தெரு கூடும்படி வைதிருந்தால், முகத்தில் துப்பியிருந்தால்கூட சொர்ணலதா நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பாள். கோமதி வெறுமனே கேட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன் கோமதி. நான் செத்தாலும் தீராது. ஆனா அதுக்கு முந்தி இதக் கேளு. நாளைக்கோ நாளானைக்கோ அவ ஆத்துக்குப் போவா. இன்னைக்கு நான் பாத்தேன், புடிச்சேன். என்னைக்கும் யாராவது பாத்துக்கிட்டே இருக்க முடியுமா? அப்பா வர மாட்டாவன்னு அவட்டச் சொல்லியாகணும்."

"சொன்னா?"

"அழுவா."

"அழுது முடிச்ச பெறவு?" கோமதி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அவ மக்குப் பிள்ளை இல்ல டீச்சர். அப்பா திரும்ப மாட்டாவன்னா, மாத்திரைய ஒளிச்சதுனால என்ன ஆச்சுன்னு யோசிப்பா. இன்னைக்கு யோசிக்காட்டாலும் பத்து வயசுல யோசிப்பா. கல்யாணம் ஆயி, பிள்ள பெத்து வச்சிருக்கையில யோசிப்பா. எம் பிள்ள அதத் தாங்குமா?"

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றிப்போயிற்று.

"மாத்திரை முத்துக்குட்டி வயித்துக்குள்ள போயிருச்சுன்னு சொல்லுவோம்," என்றாள் சொர்ணலதா திடீரென்று. "அவ ஒளிச்சா. ஆனா யாரோ ஒரு ஆளு அத எடுத்து அவனுக்குக் குடுத்துட்டாங்க. எல்லாத்தையும் குடுத்துட்டாங்க. அப்படியும் அவன் நோயில செத்துட்டான். அப்படின்னா அவ மேல தப்பில்ல. அப்பாவும் வர மாட்டான். ரெண்டும் சரியாயிரும்லா?"

கோமதி யோசித்துப் பார்த்தாள். "நான் எடுத்துக் குடுத்தேன்னு சொல்லுதேன்."

"வேண்டாம். நீ அவகூடக் கடைசி வரைக்கும் இருக்கப் போறவ. இந்தப் பொய் எங்கிட்டயே இருக்கட்டும். சாயங்காலம் அவளக் கொண்டு விட வருவேன்லா, அப்ப எடுத்துக் குடுத்தேன்னு சொல்லிக்கிடுதேன்."

"மத்தப் பிள்ளைங்களுக்கு? அந்தத் தவளை?"

"திங்கக்கிழமையில இருந்து அதுக்குச் சாப்பாடு போடப் போறேன். பிள்ளைங்க கையாலயே போடச் சொல்லுவேன். நல்லாத் தின்னு, வயசாயி, எல்லாத் தவளையையும் போலச் சாவட்டும். பிள்ளைங்க பாக்கட்டும். சாவக் காட்டுனேன்னு எம்மேல கேஸ் போட்டா, அந்தக் கிரீடத்தப் பத்தியும் அங்கயே சொல்லுவேன். தாமிரா பேரு வராது."

கோமதி தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று அதற்கு அர்த்தமில்லை. அது சொர்ணலதாவுக்கும் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. கோமதி வேலைக்குப் போகவில்லை. சொர்ணலதா வந்தபோது தாமிரா பின்கட்டில் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தலைப்பிரட்டைகளுக்குச் சோற்றுப் பருக்கை போட்டுக்கொண்டிருந்தாள். கோமதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொர்ணலதா பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். எந்த ஓட்டை வழியாகவும் பிள்ளையின் மனதுக்குள் குற்றம் நுழைந்துவிடாதபடி ஒவ்வொன்றாக அடைத்து வைத்திருந்தாள். இத்தனை வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளுக்கு அதுகூடவா வராது?

"தாமிரா, நம்ம குண்டுராசா இருக்குல்லா, அது கம்பெனியில செஞ்ச தவளை. அது ஒண்ணுதான் திரும்பும். இந்தா வாளியில இருக்கே, இதெல்லாம் ஆத்துத் தவளை. இதுங்க திரும்பாது. வளரும், முட்டை போடும், பெறவு செத்துப்போவும். மனுசங்களும் அப்படித்தான்."

"அப்பா?"

"அப்பாவும் திரும்ப மாட்டாவம்மா. இதுல எதுவும் அப்பா இல்ல."

தாமிரா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நான் சாப்பாட்ட ஒளிச்சேனே? சரியாத்தான ஒளிச்சேன்?"

"ஒளிச்ச. ஆனா அது எனக்குத் தெரியும். ஒன்னயக் கொண்டு விட வருவேன்ல, அப்ப நான் கோலப்பொடி டப்பாவப் பாத்துட்டேன். அந்த மாத்திரைய எடுத்து அப்பாக்குக் குடுத்துட்டேன். தெனமும் குடுத்தேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஒண்ணுகூட விடாமயா?"

"ஒண்ணுகூட விடல. அப்பா எல்லா மாத்திரையும் தின்னாவ. அப்படியும் நோயி பெருசாயிருச்சு. அதனால இதுல ஒந்தப்பு எதுவுமே இல்ல, கேட்டியா? என்னைக்கும், எவ்வளவு பெரிய பிள்ளையானாலும் ஞாபகம் வச்சுக்க. நீ ஒண்ணுமே செய்யல."

தாமிரா கையில் மிச்சமிருந்த பருக்கைகளைத் தரையில் போட்டாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். கணக்குப் போடும்போது அப்படித்தான் யோசிப்பாள், அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக. சொர்ணலதா காத்திருந்தாள். பிள்ளையின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது, எல்லா ஓட்டையையும் அடைத்தவள் ஒன்றை மட்டும் அடைக்கவில்லை என்று. பாடத்தைப் பிள்ளை நன்றாகப் படித்திருந்தாள்.

"சாப்பாடு குடுத்தா எப்படி டீச்சர் திரும்புவாவ?"

"தாமிரா..."

"நான் ஒழுங்கா ஒளிச்சேன். நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்க." குரல் ஏறியது. "நீங்க குடுத்ததுனாலதான் எங்க அப்பா செத்துட்டாவ. நீங்கதான் எங்க அப்பாவக் கொன்னுட்டீங்க!"

"இல்லட்டி, அப்படி..." என்று கோமதி வாயைத் திறந்து ஓர் எட்டு முன்னால் வந்தாள். சொர்ணலதா அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"ஆமா தாமிரா," என்றாள். "நாந்தான்."

அப்பாவின் சாவுக்கு எது காரணம் என்று அவள் அந்தப் பிள்ளையிடம் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை.

தாமிரா இரண்டு கைகளாலும் அவளை அடித்தாள். மார்பில், தோளில், முகத்தில், கை எட்டிய இடத்திலெல்லாம் அடித்தாள். சொர்ணலதா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கண்ணாடி கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் பிள்ளை ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா வர மாட்டாவளாம்மா" என்று வீறிட்டாள். அப்பா செத்த நாளிலிருந்து அவள் அழுத முதல் அழுகை அதுதான். கோமதி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தானும் சேர்ந்து அழுதபடி வீட்டுக்குள்ளே போனாள்.